நான் மூடிய முதல் கிணறு

ஐந்து நாள் வகுப்புக்குப் போய்வந்த ஆளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். ஐந்து வருடம் படித்தவருக்குத் தனக்கு எது தெரியாது என்று தெரிந்திருக்கும். ஒன்றுமே படிக்காதவர் பேசாமல் ஒதுங்கி நிற்பார். நடுவில் இருக்கும் இந்த ஐந்து நாள்காரன்தான் ஆபத்து. அவன் பெட்டியில் ஒரு சான்றிதழ் இருக்கும். அதை எங்கேயாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று கை அரித்துக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மீன மாதத்தில், அதாவது பங்குனியில், அப்படிப்பட்ட ஐந்து நாள்காரனாக நான் கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் ரயிலிறங்கினேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. வளைகுடா நாடு ஒன்றின் பாலைவனத்தில், எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை. ஊரில் என்னை 'ஆயில் கம்பெனி எஞ்சினீயர்' என்று சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. (உண்மையில் நான் சேறு கலக்குபவன். மூட்டை மூட்டையாகப் பொடியைத் தொட்டியில் கொட்டுவதுதான் வேலை. சாயங்காலம் குளித்தால் முதலில் என் காதுகள் தெரியவரும், பிறகு மூக்கு.)

அந்தச் சேற்றையும் லேசாக நினைக்க முடியாது. பூமிக்குள் மைல் கணக்கில் துளை போடும்போது, கீழே இருக்கும் எண்ணெயும் வாயுவும் மேலே வரத் துடித்துக்கொண்டிருக்கும். துளை நிறைய நிற்கும் கனமான சேறுதான் அவற்றை அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது. சேற்றின் கனம் போதாமல் போனால் வாயு உள்ளே புகுந்து சேற்றை மேலே தள்ள ஆரம்பிக்கும். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'கிக்'. கவனிக்காமல் விட்டால் எல்லாம் பீறிட்டு வந்து தீப்பிடிக்கும், ரிக்கே போய்விடும். அதற்காகத்தான் கிணற்றின் வாயில் பி.ஓ.பி. என்று ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்பு வால்வுகள் அவை. ஒரு கைப்பிடியைத் தள்ளினால் போதும், உள்ளேயிருக்கும் தடித்த ரப்பர் வளையம் துளையிடும் குழாயைச் சுற்றி இறுகிக் கிணற்றை மூடிவிடும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் கம்பெனி என்னைப் பம்பாய்க்கு அனுப்பியது. அங்கே ஒரு அறைக்குள் பொம்மை ரிக் ஒன்று உண்டு. மீட்டர்களும் கைப்பிடிகளும் நிஜம், கிணறு மட்டும் பொய். முதல் தேர்வில் நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டு நின்றதால், கணக்குப்படி ரிக்கும் எரிந்து அதிலிருந்த எல்லாரும் இறந்துபோனார்கள். அதில் நானும் உண்டு. "தாமதம்" என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்தார் பயிற்சியாளர். அப்புறம் இரண்டு ராத்திரி முழுக்க நான்கே வார்த்தைகளை மனப்பாடம் செய்தேன். தூக்கு, நிறுத்து, பார், மூடு. குழாயைத் தூக்கு. சேற்றை உள்ளே செலுத்தும் பம்பை நிறுத்து. கிணறு தானாக ஒழுகுகிறதா என்று பார். ஒழுகினால் மூடு. இரண்டாம் தேர்வில் தேறிவிட்டேன். சான்றிதழோடு நேரே லீவுக்கு வந்தேன்.

என் அக்கா வசந்தாவின் வீடு தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் இருக்கிறது. பின்னால் ரப்பர்த் தோட்டம். பார்க்க நல்ல இடம்தான், ஆனால் கோடையில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வீட்டுக் கிணறு மாசியில் கும்பம் பிறந்ததும் வற்றிவிடும். அதன்பிறகு மழை வருகிறவரைக்கும் அக்கா கீழ்வீட்டு மேரி சேச்சியின் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து மேடேறுவாள். அந்த வருடம் அவளுக்கு இடுப்புவலி வேறு. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளை வாரத்துக்கு ஒரு தடவைதான் துவைக்க முடிந்தது.

அத்தான் ராஜேந்திரன், வெள்ளறடை வழித்தடத்தில் பஸ் கண்டக்டர். மூன்று வாரம் அலைந்து திரிந்து ஒரு போர்வெல் வண்டியை ஏற்பாடு செய்திருந்தார். சான்றிதழை மடியில் விரித்து வைத்து நான் பெருமை பேசிக்கொண்டிருந்த அன்றுதான் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"வியாழக்கிழமை வண்டி வருது மக்கா. நீயும் கூட நிக்கணும். கெணறு காரியமெல்லாம் உனக்கல்லவா தெரியும்."

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "அவனுக்கு எண்ணெய்க் கெணறுல்லா தெரியும். இது தண்ணியாக்கும்."

"எதுவா இருந்தா என்ன அக்கா? கிணறு கிணறுதான்" என்றேன் நான். (பிறகு வந்த வருடங்களில் இந்த வாக்கியம் எத்தனையோ தடவை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டப்பட்டது.)

வியாழக்கிழமை காலையில் இரண்டு லாரிகள் மேடேறி வந்தன. ஒன்றில் துளை போடும் ரிக், இன்னொன்றில் பெரிய கம்ப்ரஸர். கூட வந்தவர்களுக்குத் தலைவர் பழனிசாமி. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், அளந்துதான் பேசுவார். அவர் முன்னால் நான் போய் நின்ற கோலத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி கொடுத்த ஆரஞ்சு நிற முழு உடுப்பு, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ், தலையில் ஹெல்மெட். மீன மாத வெயிலில் அந்த உடுப்புக்குள் நான் அவிந்துகொண்டிருந்தேன். ஆனாலும் முகத்தில் ஒரு மேற்பார்வையாளரின் களை இருக்க வேண்டும் என்று பாடுபட்டேன்.

"உங்ககிட்ட பி.ஓ.பி. இருக்கா?" என்று கேட்டேன்.

கம்ப்ரஸரைக் கிளப்பி விட்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் அவர் காதில் கையை வைத்துக் கேட்டார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "பீடி இருக்குதுங்க தம்பி. வேணுங்களா?"

பாதுகாப்பு என்பதே இல்லாத இடம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஏதாவது நடந்தால் இந்த மேட்டில் இருக்கும் அத்தனை உயிருக்கும் நான்தான் பொறுப்பு.

வேலை தொடங்கியது. அங்கே சேறு என்ற பேச்சே இல்லை. குழாயின் நுனியில் 'ஹேமர்' என்று ஒரு இரும்புச் சுத்தியல். கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக இறங்கும் காற்று அந்தச் சுத்தியலை அடிக்க வைக்கும், உடைந்த பாறைப் பொடியை மேலே ஊதித் தள்ளுவதும் அதே காற்றுதான். முதலில் செம்மண் பறந்தது, பிறகு வெள்ளைப் பொடி. முற்றம், வாழை, வேலியில் காயப்போட்ட துணி எல்லாம் சுண்ணாம்பு பூசியது போலாயின. அத்தான் பஸ்ஸில் தலை எண்ணுவது போல இறங்குகிற குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். பத்துக் குழாய் இறங்கியும் தூசிதான் வந்தது. அக்கா சமையலறை வாசலுக்கு வருவாள், பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். ரிக் ஆட்களுக்குக் கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தச் சமையலுக்காக மேரி சேச்சி இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க முற்றத்தில் நின்றார். சேச்சி பூவாறு கடற்கரையில் பிறந்தவர். கணவரும் தம்பிகளும் கடலுக்குப் போகிறவர்கள். தண்ணீர் என்ற பொருளைப் பார்த்து அவர் எப்போதும் அசந்ததில்லை.

பதினோராவது குழாய் பாதி இறங்கியபோது சத்தம் மாறியது. தூசி நின்றது. துளையின் வாயிலிருந்து ஒரு உறுமல் வந்தது. அடுத்த நொடி சாம்பல் நிறக் குழம்பு ஒன்று தென்னை உயரத்துக்குப் பீறிட்டு எழுந்தது. (அத்தானின் கணக்கில் அது வீட்டு ஓட்டின் உயரம்தான். பயந்த கண்ணுக்குத் தென்னை உயரம்.)

தண்ணீர் வந்துவிட்டது. அங்கே நின்ற பதினைந்து பேரில் பதினான்கு பேருக்கு அது புரிந்தது. ஒருவனுக்கு மட்டும் வேறு விதமாகப் புரிந்தது.

கிக். எனக்கு அந்த ஒரு சொல்தான் தெரிந்தது. மூக்கில் ஏதோ நெடி அடித்தது. கம்ப்ரஸரின் டீசல் புகை என்று இப்போது தெரிகிறது. அப்போது அது வாயு. பயிற்சியாளர் எழுதித் தந்த 'தாமதம்' கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசி, "எல்லாரும் ஓடுங்க, மேட்டை விட்டு ஓடுங்க" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் சந்தோஷத்தில் ஆடுகிறேன் என்று நினைத்து, மேரி சேச்சியும் சிரித்துக்கொண்டே எனக்குக் கையசைத்தார்.

தீ. முதலில் தீயை அணைக்க வேண்டும். சமையலறைக்குள் பாய்ந்தேன். அக்கா கரண்டியோடு திரும்புவதற்குள், மேரி சேச்சி கொண்டுவந்த இரண்டு குடத்தையும் அடுப்பில் கவிழ்த்தேன். சாம்பலும் நீராவியும் எழுந்தன. மீன்குழம்பு சட்டியோடு உருண்டது.

"எலே சசி, உனக்கு என்னலே ஆச்சு?"

பதில் சொல்ல நேரமில்லை. வெளியே ஓடினேன். கம்ப்ரஸர் லாரியில் எஞ்சினை நிறுத்தும் குமிழ் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ரிக்கிலும் அதே மாதிரிதான். பிடித்து இழுத்தேன்.

எஞ்சின் இருமி அடங்கியது. பீறிட்ட தண்ணீர் அப்படியே சரிந்து துளைக்குள் இறங்கிப்போனது. காலையிலிருந்து முதல்முறையாகக் காக்கை கரைவது கேட்டது. ஆனால் என் வேலை முடியவில்லை. மூட வேண்டுமே. பி.ஓ.பி. இல்லாத இடத்தில் என்ன செய்வது? கிடந்த சாக்கு ஒன்றை எடுத்துக் குழாயைச் சுற்றித் துளையின் வாயில் திணித்தேன். போதவில்லை. கொடியில் கிடந்த தோர்த்துத் துண்டு ஒன்றை உருவி அதையும் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தூக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. நான்கு வார்த்தைகளில் இரண்டைத்தான் செய்திருந்தேன், அதுவும் தப்பான கிணற்றில்.

பழனிசாமி ரிக் லாரியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். "ஏனுங்க தம்பி, எஞ்சினை யாருங்க நிறுத்துனது?"

"நான்தான்" என்றேன். "கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துட்டேன். பயப்பட வேண்டாம்."

அவர் கோபப்படவில்லை. துளையைப் பார்த்தார், கம்ப்ரஸரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். அப்புறம் அத்தானிடம் திரும்பி, காய்ச்சல்காரன் வீட்டில் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"காத்துதானுங்க அத்தனை பொடியையும் மேல தூக்கிப் புடிச்சிருந்தது. காத்து நின்னா எல்லாம் ஹேமர் மேலயே உக்காந்துக்கும். எறநூத்திச் சொச்சம் அடிக்குக் கீழ இறுகிப் போச்சுனா, எடுக்கறது செரமமுங்க. வரலீனா இந்தக் குழியையே விட்டுப்போட்டுப் போகணும். நாளைக்கு வண்டி வெள்ளறடையில நிக்கணும். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் எப்ப வருமுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாக்கைப் பிடுங்கி எறிந்தார்கள். தோர்த்தைக் காணவில்லை. குழாய்க்கும் துளைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் உள்ளே போயிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. (என் வாழ்க்கையில் நான் மறைத்த பெரிய ரகசியம் ஒரு தோர்த்து.)

கம்ப்ரஸரைத் திரும்பக் கிளப்பினார்கள். காற்று உள்ளே போனது, வெளியே ஒன்றும் வரவில்லை. மீட்டரின் முள் ஏறிக்கொண்டே இருந்தது. குழாயைத் திருப்பினார்கள், திரும்பவில்லை. தூக்கினார்கள், குழாய்க்குப் பதிலாக லாரியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. பழனிசாமி யோசித்துவிட்டுச் சொன்னார். "தண்ணி ஊத்தி இளக்கிப் பார்க்கலாமுங்க. நெறையா வேணும். சோப்புப் பொடியும் வேணும்."

தண்ணீர் இல்லை என்பதற்காகப் போடும் கிணற்றுக்குத் தண்ணீர் வேண்டும். வீட்டிலிருந்த கடைசி இரண்டு குடத்தையும் அடுப்பில் கவிழ்த்தவன் நான்தான். மேரி சேச்சியிடம் போய் நின்றேன்.

"எந்தா மோனே, இனி என்றெ கெணற்றையும் அடைக்கப் போறியா?" என்று கேட்டார் சேச்சி. அப்புறம் கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

அந்த மத்தியானம் அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் வரிசையாக நின்று குடம் மாற்றினார்கள். பெரும்பாலான நடை என்னுடையது. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, ஒவ்வொரு அடிக்கும் தவளை மாதிரிச் சத்தம் போட்டது. இருபது நடைக்கு மேல் எண்ணவில்லை. மேட்டின் பாதியில்தான் எனக்கு உறைத்தது. அக்கா இதைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தாள், இடுப்புவலியோடு, பூட்ஸும் சான்றிதழும் இல்லாமல்.

சோப்புப் பொடியைக் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றுவார்கள், காற்றை விடுவார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், இறக்குவார்கள். மறுபடியும் ஊற்றுவார்கள். இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. பழனிசாமியின் ஆட்கள் சாப்பிடவில்லை. (சாப்பிட இருந்ததையும் நான்தான் உருட்டிவிட்டேன்.) கம்ப்ரஸரின் ஒவ்வொரு மூச்சுக்கும் நான் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். சாமிகள் தீர்ந்தபிறகு மேரி சேச்சியின் கிறிஸ்தவப் புனிதர்களையும் கூப்பிட்டேன்.

மூன்றரை மணிக்குக் குழாய் ஒரு விரல் அளவு அசைந்தது. பழனிசாமி கையை உயர்த்தினார். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். காற்றை மெல்ல ஏற்றினார். கீழேயிருந்து ஒரு முனகல் எழுந்தது, பிறகு ஒரு குலுக்கல், பிறகு வெள்ளை நுரை புசுபுசுவென்று துளையின் வாயில் பொங்கி முற்றமெல்லாம் பரவியது. நுரைக்குப் பின்னால் சாம்பல் குழம்பு. குழம்பின் நடுவில் ஒரு கறுத்த உருண்டை பறந்து போய் மேரி சேச்சியின் காலடியில் விழுந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர்.

அத்தான் அந்த உருண்டையைக் குச்சியால் பிரித்துப் பார்த்தார். "எலே, இது எனக்க தோர்த்தாக்கும்."

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. நான் நுரைக்கு நடுவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால், முகம் முழுக்கச் சேறாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்றுதான் சொல்ல முடியும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. அக்கா எழுந்து வந்து குனிந்து அதை உள்ளங்கையில் பிடித்தாள். அந்த முதல் கைத் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள்.

"எழும்புலே. போய்க் குளி" என்றாள்.

லாரியில் ஏறுவதற்கு முன்னால் பழனிசாமி என் பக்கத்தில் வந்து பீடியைப் பற்ற வைத்தார். "தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"உங்க கம்பெனியில இன்னும் எத்தனை பேருங்க உசுரோட இருக்காங்க?"

இரண்டு வருடம் கழித்து, பாலைவனத்தில், நிஜமான கிக் வந்தது. அப்போது நான் சேற்றிலிருந்து கரையேறி, துளையிடுவதை நடத்தும் டிரில்லருக்கு உதவியாளாக ரிக்கின் மேல்தளத்தில் இருந்தேன். டிரில்லர் கீழே இறங்கியிருந்த நேரம். தொட்டிக்குத் திரும்பி வரும் சேறு, உள்ளே போவதைவிடக் கூடுதலாக இருப்பதை மீட்டர் காட்டியது. குழாயைத் தூக்கினேன். பம்பை நிறுத்தினேன். கை கைப்பிடிக்குப் போனது. அப்போது எனக்குள் ஒரு முற்றமும் நுரையும் தெரிந்தன. கையை இழுத்துக்கொண்டு முதலில் எட்டிப் பார்த்தேன். பம்பு நின்றபிறகும் சேறு தானாக வழிந்துகொண்டிருந்தது. மூடினேன். கீழே ரப்பர் வளையம் இறுகியது. வழிவது நின்றது. உள்ளே புகுந்திருந்த வாயுவை மறுநாள் முழுக்கப் பொறுமையாக வெளியேற்றினோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. என்னை டிரில்லர் தோளில் தட்டினார்.

ஊருக்கு ஃபோன் செய்ய என் முறை வந்ததும் மேரி சேச்சி வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டேன். அக்காவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். மீட்டர், சேறு, கைப்பிடி, ரப்பர் வளையம், அறுபது பேரின் உயிர். அக்கா முழுவதும் கேட்டாள்.

"எல்லாம் செரி மக்கா. கடைசில என்ன வந்துது?"

"ஒண்ணும் வரல்ல அக்கா. அதுதானே காரியம். ஒண்ணும் வராம நான் மூடிட்டேன்."

"அப்போ திரும்பவும் கெடுத்துப் போட்டியாலே?" என்றாள் அக்கா. அவள் பின்னால் மேரி சேச்சி சிரிப்பது பாலைவனம் வரைக்கும் கேட்டது.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் என் வேலையைப் பற்றி விசாரிக்க இந்த ஒரே வழிதான். நான் டிரில்லர் ஆனபோதும் அத்தான் இதைத்தான் கேட்டார். என் கல்யாணத்துக்கு வந்த அக்காவின் பிள்ளைகள் மணப்பெண்ணுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான். இப்போது என் மகள் கேட்கிறாள். வேலை முடிந்து நான் ஃபோனை எடுத்தால், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் அவள் கேட்பது, "இன்னைக்கு ஒண்ணும் வரல்லியாப்பா?"

"வரல்ல மக்கா."

"அப்போ இன்னைக்கும் கெடுத்துப் போட்டீங்க."

ஆமாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கப் போவேன்.